புகைக்கரி எத்தினை கிராம்? கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்றன்

கொட்டாஞ்சேனை தம்பி: அண்ணே, எங்கட பில்டிங் ஜெனரேட்டருக்கு மாசம் 200 லீட்டர் டீசல் போகுது. காபனீரொட்சைட்டு கணக்கு போட்டுட்டன், புகையோட வாற கறுப்புத் தூள், அந்தக் கரியையும் அப்படியே போடலாமா?

பதில்: அங்கதான் தம்பி எல்லாரும் சறுக்கிறது. காபனீரொட்சைட்டு லீட்டருக்கு கிட்டத்தட்ட 2.7 கிலோ, எஞ்சின் பழசோ புதுசோ பெருசா மாறாது, ஏனெண்டா அது எண்ணெய்க்குள்ள இருக்கிற காபன்தானே. கரி எண்டுறது சரியா எரியாம தப்பி வாற மிச்சம், அதால எப்படி எரியுது எண்டதைப் பொறுத்து பல மடங்கு மாறும். 200 லீட்டர் டீசல் நிறுத்தா 168 கிலோ வரும், பில்டர் இல்லாத பழைய எஞ்சினுக்கு கிலோவுக்கு 1 தொடக்கம் 4 கிராம் எண்டு பிடிச்சா 170 இல இருந்து 670 கிராம் வரைக்கும் போகுது. ரெண்டையும் எழுதுங்க, நடுவில 420 எண்டு ஒண்டை எழுதி வைக்காதீங்க. லிஃப்ட் ஸ்டார்ட் ஆகேக்க குப்பெண்டு கறுப்பா தள்ளும் பாருங்க, அதெல்லாம் சராசரிக்குள்ள ஒளிஞ்சிடும்.

மட்டக்குளி அக்கா: 2022ல காஸ் இல்லாம விறகிலதான் சமைச்சம், கரன்ட் போனா குப்பி விளக்கு. எதில கரி கூட?

பதில்: விறகுதான் கூட அக்கா, ஆனா விளக்கைச் சும்மா நினைக்காதீங்க. திரி விளக்கில எரியிற மண்ணெண்ணெயில 7, 8, 9 சதவீதம் கரியாவே போகுது. மாசம் ஒரு லீட்டர், அதாவது 0.8 கிலோ எரிச்சா 56 இல இருந்து 72 கிராம். விறகு நாளுக்கு 5 கிலோ எண்டு 150 கிலோ எரிச்சாலும், கிலோவுக்கு ஒரு கிராம் போட்டா 150 கிராம்தான். ஒரே ஒரு லீட்டர் எண்ணெய் அதில கிட்டத்தட்ட பாதி! காஸ்ல நீலமா எரிஞ்சா இந்தக் கணக்கே தேவையில்லை.

தெமட்டகொடை: ஈர விறகுப் புகை வெள்ளையா வருதே, அப்ப கரி இல்லைத்தானே?

பதில்: கரி குறைவு, புகை கூட. அந்த வெள்ளை தார் மாதிரி சேதனத் துணிக்கை, நெஞ்சுக்கு அதுவும் ஆகாது.

வெள்ளவத்தை: பல்கனில சென்சர் வச்சிருக்கன், பிஎம் 2.5, அதான் காத்தில இருக்கிற மிச்சம் சின்னத் தூசு, அதைக் காட்டுது, அது கரிதானே?

பதில்: இல்லை. அது ஒளி சிதறுறதைத்தான் பாக்குது. கரி ஒளியை உறிஞ்சும், சைசும் மிச்சம் சின்னன், அதால கனக்கத் தப்பிடும், கடற்காத்து உப்பும் ஈரமும் மட்டும் நல்லா மாட்டும். மழைக்கு முன்னுக்கு எண் ஏறினா காலி வீதி பஸ்ஸைத் திட்டாதீங்க. கரிதான் வேணுமெண்டா வெள்ளை பில்டர் தாளில காத்தை இழுத்து அது எவ்வளவு கறுக்குது எண்டு பாக்கவேணும்.

வத்தளை: வேனுக்கு எமிஷன் டெஸ்ட் பாஸ், அதில இருக்கிற இலக்கத்தைக் கிராமாக்கலாமா அண்ணே?

பதில்: ஏலாது. அது புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்குது எண்ட எண், அதுவும் வேன் நிக்கேக்க அக்சிலேட்டரை மிதிச்சுப் பாக்கிறது. கிராம் வேணுமெண்டா குடிக்கிற டீசல்ல இருந்துதான் தொடங்கோணும்.