கேள்வி-பதில்: பழைய 401கே-வை மாத்தினீங்களா, ரிட்டர்ன்ல எப்படி காட்டறது?

கேள்வி: போன வருஷம் கம்பெனி மாறினேன். பழைய 401கே-ல (கம்பெனி மூலமா சேர்க்கற ஓய்வுகால சேமிப்பு) இருந்த 62,000 டாலரை ஐஆர்ஏ-வுக்கு (நாமளே தனியா வச்சுக்கற ஓய்வுகால கணக்கு) மாத்தினேன். ஆனா செக் வீட்டு அட்ரஸுக்கு வந்துச்சு, நான்தான் புது பிரோக்கருக்கு தபால்ல அனுப்பினேன். இப்ப 1099-ஆர் ஃபார்ம் (ஓய்வுகால கணக்குலருந்து வெளிய போன பணத்துக்கான சீட்டு) வந்திருக்கு. எங்க வீட்டுக்காரர் "டாக்ஸ் இல்லாத பணத்தை எதுக்கு காட்டணும், விடு"ங்கறார். செக் என் கைக்கு வந்ததால ஏதாவது பிரச்சனை வருமா?
- வாசகி, நியூஜெர்சி

பதில்: செக் யார் வீட்டுக்கு வந்துச்சுங்கறது கணக்கு இல்லைங்க, யார் பேருக்கு எழுதியிருந்துச்சுங்கறதுதான் கணக்கு. புது பிரோக்கர் கம்பெனி பேருக்கு எழுதி, உங்க கணக்குக்காகன்னு கீழ போட்டிருந்தா அது நேரடி ரோல்ஓவர்தான் (ஒரு ஓய்வுகால கணக்குலருந்து இன்னொன்னுக்கு பணத்தை மாத்தறது), நீங்க சும்மா தபால்காரர் வேலை பார்த்திருக்கீங்க, அவ்ளோதான். 1099-ஆர்ல 7ஆம் கட்டத்தை பாருங்க, ஜி-ன்னு ஒரு எழுத்து இருக்கணும். 1ஆம் கட்டத்துல 62,000, 2ஏ கட்டத்துல 0.

வீட்டுக்காரர் சொல்றதுல பாதிதான் சரி. டாக்ஸ் இல்ல, ஆனா காட்டணும். 1040 ஃபார்ம்ல (வருமான வரி ரிட்டர்ன்) 5ஏ வரில 62,000, 5பி வரில 0 போட்டு பக்கத்துல ரோல்ஓவர்னு குறிக்கணும். உங்களுக்கு வந்த 1099-ஆரோட காப்பி ஐஆர்எஸ்க்கும் (அமெரிக்க வரித்துறை) போயிருக்கு. சாஃப்ட்வேர்ல போடறவங்க நிறைய பேர் ஃபார்ம்ல இருக்கற நம்பரை டைப் பண்ணிட்டு, அதுக்கு அப்புறம் "இந்தப் பணத்தை என்ன பண்ணீங்க"ன்னு அது கேக்கற கேள்விய படிக்காம அடுத்த பக்கம் போயிடறாங்க. உங்களுக்கு ஜி இருக்கறதால பெரும்பாலும் தப்பிச்சுடுவீங்க, 7ல 1-ன்னு (59½ வயசுக்கு முன்னாடி எடுத்த பணம்) இருக்கறவங்க இப்படி போனா மொத்த பணமும் 5பி-ல வருமானமா ஏறி அதுக்கு மேல 10% அபராதமும் சேர்ந்து நிக்கும். ஃபைல் பண்றதுக்கு முன்னாடி 5பி வரிய ஒரு தடவ கண்ணால பாத்துடுங்க.

ஒரே ஒரு விஷயம், நீங்க மாத்தினது சாதா ஐஆர்ஏ-தானே? ரோத் ஐஆர்ஏ-ன்னா (வரி கட்டின பணத்தை போடற ஐஆர்ஏ) கதையே வேற. சாதா 401கே-லருந்து ரோத் ஐஆர்ஏ-வுக்கு போனாலும் கோடு அதே ஜி-தான் வரும், ஆனா 2ஏ-ல 0-க்கு பதிலா பணம் நிக்கும், அதுக்கு வருமான வரி உண்டு, 10% அபராதம் மட்டும் கிடையாது. ஜி-ய பாத்ததும் டாக்ஸ் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க.

கேள்வி: வேலை போனப்ப 401கே-ல இருந்த 10,000 டாலரை எடுத்தேன், 2,000 பிடிச்சுக்கிட்டு 8,000 கொடுத்தாங்க. ஒரு மாசத்துல வேற வேலை கெடச்சதும் அந்த 8,000-ஐயும் அப்படியே ஐஆர்ஏ-ல போட்டுட்டேன். முழுசா ரோல்ஓவர் பண்ணிட்டேன்னு காட்டலாமா? வயசு 38.
- வாசகர், டெக்சாஸ்

பதில்: முடியாதுங்க. இதுலதான் ரொம்ப பேர் மாட்டிக்கறாங்க. பணம் உங்க பேருக்கு வந்தா 20% பிடிச்சே ஆகணும்னு கம்பெனி பிளானுக்கு ரூல், ஆனா ஐஆர்எஸ் கண்ணுல நீங்க எடுத்தது 8,000 இல்ல, 10,000. 60 நாளுக்குள்ள அந்த 2,000-ஐயும் வேற எங்கயிருந்தாவது பொரட்டி சேர்த்து போட்டிருந்தாதான் முழு ரோல்ஓவர். கொடுமைதான், வேலை இல்லாதவன் 2,000-க்கு எங்க போவான், ஆனா ரூல் அப்படித்தான் இருக்கு. பணம் வந்து 60 நாள் இன்னும் தாண்டலன்னா இன்னைக்கே போட்டுடுங்க.

தாண்டிடுச்சுன்னா 5ஏ-ல 10,000, 5பி-ல 2,000, ரோல்ஓவர் குறி. அந்த 2,000-க்கு வருமான வரியோட, 59½ வயசு ஆகாததால 10%, அதாவது 200 டாலர், அபராதம். விலக்குக்கு சில காரணங்கள் இருக்கு, உங்களுக்கு பொருந்தினா 5329 ஃபார்ம்ல காட்டலாம். பிடிச்ச 2,000 எங்கயும் போகல, 25பி வரில போடுங்க, கட்டின வரியா கழிஞ்சுடும். அத போட மறந்தா நஷ்டம் உங்களுக்குத்தான்.

உங்க 1099-ஆர்ல கோடு 1 இருக்கும், நீங்க திருப்பி போட்டது அதுல எங்கயும் இருக்காது, ஏன்னா பழைய பிளானுக்கு அது தெரியாது. அத ஐஆர்எஸ்க்கு சொல்ற 5498 ஃபார்ம் ஐஆர்ஏ கம்பெனி அனுப்பறது மே மாசக் கடைசிக்குள்ளதான், நீங்க ஏப்ரல் 15-லயே ஃபைல் பண்ணிடுவீங்க. அதனால டெபாசிட் பண்ண தேதியோட ஸ்டேட்மென்ட்டை பத்திரமா வைங்க. பின்னாடி சிபி2000 நோட்டீஸ் (ரிட்டர்னும் தங்ககிட்ட இருக்கற கணக்கும் ஒத்துப்போகலன்னு ஐஆர்எஸ் அனுப்பறது) வந்தா பயந்து பணத்தை கட்டிடாம, ஒத்துக்கலன்னு டிக் பண்ணி அந்த ஸ்டேட்மென்ட்டை இணைச்சு அனுப்புங்க.

கேள்வி: 401கே பணத்தை டிசம்பர்ல எடுத்து ஜனவரில ஐஆர்ஏ-ல போட்டா எந்த வருஷ ரிட்டர்ன்ல காட்டணும்?
- வாசகர், கலிஃபோர்னியா

பதில்: எடுத்த வருஷம். 60 நாளுக்குள்ள போட்டிருந்தா போதும்.

கேள்வி: ஒரு ஐஆர்ஏ-லருந்து இன்னொன்னுக்கு மார்ச்ல ஒரு தடவை, ஆகஸ்ட்ல வேற ஐஆர்ஏ-லருந்து ஒரு தடவை, ரெண்டுமே பணத்தை கைல வாங்கி 60 நாளுக்குள்ள போட்டேன். ரெண்டையும் 1040-ல ஐஆர்ஏ பணத்துக்கான 4ஏ, 4பி வரில ரோல்ஓவர்னு போடலாமா?
- வாசகர், இல்லினாய்ஸ்

பதில்: மார்ச்ல பண்ணதை போடலாம், ஆகஸ்ட்ல பண்ணதை போட முடியாது. 12 மாசத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் 2015-லருந்து உங்ககிட்ட எத்தனை ஐஆர்ஏ இருந்தாலும் எல்லாத்தையும் ஒண்ணாத்தான் எண்ணுவாங்க. ரெண்டாவது தொகை சாதா ஐஆர்ஏ பணம்னா 4பி-ல வருமானம். அதோட முடியல, புது ஐஆர்ஏ-ல போட்ட பணம் சாதாரண கான்ட்ரிபியூஷனா (வருஷா வருஷம் நாம போடற சந்தா) மாறிடும், வருஷ லிமிட்டை தாண்டின பகுதிக்கு அது உள்ள இருக்கற ஒவ்வொரு வருஷமும் 6% வரி. ரிட்டர்ன் கெடு தேதிக்குள்ள, அதுல வந்த லாபத்தோட சேர்த்து வெளிய எடுத்துட்டா அந்த 6% வராது, முதல்ல அத பண்ணுங்க. அடுத்த தடவை பணத்தை கைலயே வாங்காதீங்க, பிரோக்கர்கிட்ட சொல்லி கம்பெனி விட்டு கம்பெனி நேரா மாத்த சொல்லுங்க, ஐஆர்ஏ-லருந்து ஐஆர்ஏ-வுக்கு அப்படி போனா 1099-ஆரே வராது, எத்தனை தடவை வேணா பண்ணலாம்.