220 வாட் கூலர் வாங்கலாமா?

கேள்வி: என் கணினியில் இருப்பது ரைசன் 5 5600 ப்ராசஸரும் அதன் பெட்டியிலேயே வந்த சின்னக் கூலரும். வீடியோ ரெண்டர் (எடிட் செய்ததை இறுதி வீடியோவாக்கும் வேலை) போட்டால் ப்ராசஸர் 90 டிகிரி வரை போகிறது. சத்தம் தாங்காமல் வீட்டில் திட்டு விழுகிறது. கடையில் ‘220 வாட் தாங்கும்’ என்று ஒரு கூலரையும், இரண்டு ஃபேன் வைத்த இரட்டைக் கோபுரக் கூலர் (உலோகத் தகடுகளை இரண்டு அடுக்காக நிறுத்தியது) ஒன்றையும் காட்டினார்கள். இரண்டாவதன் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. எது சரி? (மதுரை வாசகர்)

பதில்: இரட்டைக் கோபுரம் வேண்டாம். நான்கு ஹீட் பைப்பும் (வெப்பத்தைக் கடத்தும் குழாய்) ஒரு 120 மி.மீ. ஃபேனும் உள்ள ஒற்றைக் கோபுரமே உங்களுக்குத் தாராளம். கடையில் காட்டிய 220 வாட் கூலர் இந்த ரகமென்றால் அதுவே போதும்.

அதையும் வாங்கும் முன் கேபினெட்டின் (கணினிப் பெட்டி) பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே ரெண்டரை ஓட்டிப் பாருங்கள். வெப்பம் சட்டென்று ஐந்தாறு டிகிரி இறங்கினால், உள்ளே காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட்டுகளில் இது சகஜம். பார்க்க ஜோராக இருக்கும், காற்று நுழையத்தான் வழி இருக்காது. அப்படியென்றால் முதல் செலவு முன்பக்க ஃபேனுக்கு. கூலர் அப்புறம்.

இனி அந்த 220 வாட். எல்லாத் தயாரிப்பாளருக்கும் பொதுவான அளவுமுறை என்று இதற்கு எதுவும் கிடையாது. அவரவர் சோதித்து அவரவர் அச்சடிக்கும் எண் அது. உங்கள் ப்ராசஸரின் பெட்டியில் இருப்பது 65 வாட். மாற்றாமல் விட்டால் மதர்போர்டு (ப்ராசஸரைப் பொருத்தும் முதன்மைப் பலகை) அதை 76 வாட் வரை இழுக்க விடும், அவ்வளவுதான். பிறகு ஏன் கொதிக்கிறது? அந்த வெப்பம் முக்கால்வாசியும் சுமார் 80 சதுர மி.மீ. சில்லு ஒன்றிலிருந்து கிளம்புகிறது. சுண்டுவிரல் நகம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ப்ராசஸரின் உலோக மூடியையும், அதற்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டையும் தாண்டித்தான் வெப்பம் கூலரைத் தொட முடியும். கூலர் எவ்வளவு பெரிதானாலும் இந்தப் பாதை மாறாது. அதனால்தான் பெட்டிக் கூலரிலிருந்து ஒற்றைக் கோபுரத்துக்கு மாறும்போது வெப்பம் நன்றாக இறங்கும்; அங்கிருந்து இரட்டைக்குப் போனால் இந்த ப்ராசஸரில் இரண்டு மூன்று டிகிரி கிடைத்தாலே பெரிது. 180 வாட் இழுக்கும் ப்ராசஸர் என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

விமர்சனம் பார்க்கும்போது இறுதி வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். சோதித்த அறை எத்தனை டிகிரி என்று தேடுங்கள். 21 டிகிரி அறையில் 68 காட்டியது என்றால் வித்தியாசம் 47. மே மாத மதுரையில் ஏ.சி. இல்லாத அறை 36 இருந்தால், அதே கூலர் 83 காட்டும். அது கூலரின் குறை இல்லை. அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக ஃபேன் வைத்த எந்த ப்ராசஸர் கூலராலும் வைக்க முடியாது. சத்தத்தையும் கவனியுங்கள். ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு ஒப்பிட்டால் இரைச்சல் போடும் கூலர்தான் ஜெயிக்கும். ஒரே சத்த அளவில் ஒப்பிட்ட விமர்சனம் கிடைத்தால் அதையே நம்புங்கள், உங்கள் வீட்டுத் திட்டுக்கு மருந்து அதில்தான் இருக்கிறது. மாட்டிய பிறகு பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ஃபேன் வேகத்தைக் குறைத்து வையுங்கள். இந்த ப்ராசஸரின் உச்ச வரம்பு 90. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 75க்கெல்லாம் ஃபேன் அலற வேண்டியதில்லை.

இந்த ரகக் கூலர்கள் 155 மி.மீ. அளவுக்கு உயரம் இருக்கும். உங்கள் கேபினெட் எவ்வளவு இடம் தரும் என்று அதன் விவரக் குறிப்பில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ரேம் உயரமானதாக இருந்தால் ஃபேனைச் சற்று மேலேற்ற வேண்டிவரும், அப்போது மொத்த உயரமும் கூடும்.

பழைய கூலரைக் கழற்றும்போதுதான் கண்டம். பேஸ்ட் இறுகியிருந்தால் ப்ராசஸரே கூலரோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். ரெண்டர் ஓட்டிச் சூடாக்கி, கணினியை அணைத்து மின் இணைப்பையும் எடுத்துவிட்டு, ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். கூலரை இப்படியும் அப்படியும் மெல்லத் திருகி, பிடி விட்ட பிறகு தூக்குங்கள். போர்டின் பின்னால் இருக்கும் உலோகத் தகடு அப்போது கழன்று விழலாம். எடுத்து வையுங்கள், புதிய கூலர்கள் பலவற்றை அதில்தான் முடுக்க வேண்டும். புதியதன் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். மறப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

கேள்வி: எல்.ஜி.ஏ. 1151 (இன்டெல் ப்ராசஸர் பொருந்தும் சாக்கெட் வகை) போர்டில் போட்டிருந்த நல்ல கூலர் ஒன்று இருக்கிறது. புது எல்.ஜி.ஏ. 1700 போர்டுக்கு அதையே மாட்டலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: அப்படியே மாட்ட முடியாது. போர்டில் கூலரை முடுக்கும் துளைகளுக்கு இடையிலான தூரம் 75 மி.மீ.யிலிருந்து 78 ஆகிவிட்டது, ப்ராசஸர் உட்காரும் உயரமும் குறைந்திருக்கிறது. சில போர்டுகளில் பழைய துளைகளும் இருக்கும். அதில் முடுக்கினால் மாட்டும், ஆனால் அழுத்தம் போதாமல் போகலாம். தயாரிப்பாளரிடம் அந்த சாக்கெட்டுக்கான மாட்டும் கிட் கேளுங்கள். நொக்டுவா போன்றவர்கள் பில்லைக் காட்டினால் இலவசமாகவே அனுப்புகிறார்கள்.