அமெரிக்காவை நம்பி வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமா?

கேள்வி: ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்டையார்பேட்டையில் சொந்த வீடு. மகன் அமெரிக்காவில் டல்லாஸில் ஹெச்1பி என்ற வேலை விசாவில் நாலு வருஷமாக இருக்கிறான். மகளுக்கும் அங்கே எம்.எஸ். சீட் கிடைத்திருக்கிறது. 40 லட்சம் கடனுக்கு பேங்கில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். “வெளிநாட்டு ஆளுங்க செலவுன்னு எல்லாரையும் அனுப்பிடுவான்” என்கிறார் மச்சான். “நம்ம ஆளுங்க இல்லாம அவனுக்கு ஓடாது” என்கிறான் மகன். யார் சொல்வது சரி?

பதில்: ஐயா, இருவரும் ஆளுக்கொரு கணக்கு நோட்டைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

2013இல் அமெரிக்க மேலவையான செனட், குடியேற்றச் சீர்திருத்த மசோதா ஒன்றை 68-32 என நிறைவேற்றியது. அதனால் மத்திய அரசின் பற்றாக்குறை பத்தாண்டில் சுமார் 13,500 கோடி டாலர் குறையும் என்று அவர்களின் நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் கணித்தது. அதே ஆண்டு ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரி ஆய்வு அமைப்பு, ஆவணமில்லாமல் இருப்பவர்களுக்குச் சட்டப்படி தங்கும் உரிமை கொடுத்தால் அவர்களின் ஆயுளுக்கும் சேர்த்து 6.3 லட்சம் கோடி டாலர் செலவு என்றது. முன்னது, புதிதாக வந்து உழைப்பவர்கள் கட்டும் வரியையும் சேர்த்தது. பின்னது, குறைவாகப் படித்தவர்கள் முதுமை வரை வாங்கும் சலுகைகளைக் கூட்டியது. குடியேறியவர்களுடைய பிள்ளைகளின் பள்ளிச் செலவு மாநிலங்களின் தலையில் விழுகிறது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபின் நிறைய வரி கட்டுகிறார்கள். பர்மாவிலிருந்து வந்தவர்களை வியாசர்பாடியில் குடியமர்த்தியபோது செலவுதான் கண்ணில் பட்டிருக்கும். பர்மா பஜார் வரவு அப்புறம்தானே வந்தது?

உங்கள் மகனின் சம்பளச் சீட்டையே வாங்கிப் பாருங்கள். சோஷியல் செக்யூரிட்டி என்று, அதாவது அரசு ஓய்வூதியத்துக்காக, 6.2% பிடித்திருப்பார்கள், கம்பெனியும் அதே அளவு கட்டும். அந்த ஓய்வூதியம் கிடைக்கப் பொதுவாகப் பத்து வருடம் கட்டியிருக்க வேண்டும். ஹெச்1பியோ சாதாரணமாக ஆறு வருடம். இந்தியாவோடு இதற்கு ஒப்பந்தமும் இல்லை. ஆறு வருடத்தில் திரும்பினால் கட்டிய பணம் அங்கேயே நிற்கும். இதைவிட லாபமான விருந்தாளி யாருக்குக் கிடைப்பார்?

ஆனால் லாபம் தெரிந்தும் அந்த மசோதாவைக் கீழவை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய ஹெச்1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என ஒரே அறிவிப்பில் வந்தது. அங்கே ஓட்டுதான் முடிவு செய்கிறது, கணக்கு அல்ல. மகன் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் அது உங்கள் கடனுக்கு ஜாமீன் ஆகாது.

பத்தே கால், பத்தரை சதவீத வட்டியில், பத்து வருடத் தவணை என்றால் 40 லட்சத்துக்கு மாதம் சுமார் 54,000 ரூபாய். படிப்புக்கால வட்டி தனி. மகள் படிப்பு முடிந்து ஊர் திரும்பி, இங்கே வாங்கும் சம்பளத்தில் இதைக் கட்ட முடியுமா? முடியாதென்றால் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். கட்ட முடிகிற அளவுக்கு மட்டும் கடன் வாங்குங்கள், அல்லது செலவு குறைந்த கல்லூரி பாருங்கள். ‘அண்ணன் கட்டுவான்’ என்று எழுதிவைக்க வேண்டாம். அண்ணனும் தங்கையும் அமெரிக்க விசா என்ற ஒரே கயிற்றைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

மகனுக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு, ஒப்புதல் ஆகியிருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். ஆகியிருந்தால் ஆறு வருடத்துக்கு மேலும் நீட்டிக்க வழி உண்டு. கம்பெனி அதற்கான வேலையையே தொடங்கவில்லை என்றால், கையில் இருப்பது இன்னும் இரண்டு வருடம்.