உலோக அயனிகளும் டி.என்.ஏ. மடிப்பும்: கேள்வி பதில்

கேள்வி (பிளஸ் டூ மாணவி, கும்பகோணம்): பூவன் பழத்தை மசித்து, சமையல் உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து வடிகட்டி, குளிர்ந்த ஆல்கஹாலை ஓரமாக ஊற்றினோம், வெள்ளை நூலாக டி.என்.ஏ. எழும்பியது. இதில் உப்பின் வேலை என்ன, ஐயா?

பதில்: டி.என்.ஏ. ஏணியின் படி போன்ற ஒவ்வொரு கார இணைக்கும் இரண்டு பாஸ்பேட்டுகள், அதாவது இரண்டு எதிர்மின்சுமைகள் உண்டு. அடுத்தடுத்த இணைகளுக்கு இடையிலோ 0.34 நானோமீட்டர்தான் இடைவெளி. இத்தனை நெருக்கத்தில் ஒன்றையொன்று தள்ளும் சுமைகளைச் சோடியம் அயனிகள் தணிக்கின்றன. ஆல்கஹால் சேர்ந்ததும் அவை பாஸ்பேட்டை இன்னும் இறுகப் பற்றுவதால் இழைகள் திரண்டு பிரிகின்றன. நீங்கள் கண்டது முழுக்க டி.என்.ஏ. அன்று, பழத்தின் பெக்டினும் அதில் கலந்திருக்கும்.

கேள்வி (விவசாயி, மன்னார்குடி): குறுவைக்கு மேலுரமாகப் பொட்டாஷ் போடுகிறோம். டி.என்.ஏ.வைப் பொட்டாசியம் மடக்கும் என்று மகன் படித்துச் சொல்கிறான். பயிருக்கு ஏதும் ஆகுமா?

பதில்: ஒன்றும் ஆகாது. செல், தன் உட்சாற்றில் பொட்டாசியத்தை ஏறக்குறைய 100 மில்லிமோலார் (கரைசல் செறிவின் அலகு) அளவில் கட்டிக் காத்து, மிகுதியை வாக்குவோல் என்ற தன் சேமிப்புப் பையில் ஒதுக்கிவிடும். ஆனால் உங்கள் மகன் சொன்னதும் உண்மைதான். நெல்லின் குரோமோசோம் முனைகளில் டி.டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. மனிதரில் ஒரு ‘டி’ குறைவு, அவ்வளவே. இதில் ‘ஜி’ என்பது குவானின். நான்கு குவானின்கள் சேர்ந்து சதுரத் தட்டாகி, தட்டின்மேல் தட்டாக அடுக்கப்படும்போது, அவற்றின் ஆக்சிஜன்கள் எல்லாம் நடுவை நோக்கி நிற்கும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே பொட்டாசியம் அமர்ந்து எட்டு ஆக்சிஜன்களையும் பிடித்துக்கொள்கிறது. சோடியம் சிறியது என்பதால் தட்டின் தளத்துக்குள்ளேயே நுழைய முடியும். ஆனால் தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை உதறிவிட்டு வர அதற்குக் கூடுதல் ஆற்றல் செலவாவதால், அந்த அடுக்கு அவ்வளவு உறுதியாக இருப்பதில்லை. லித்தியத்தால் அநேகமாகப் பயனே இல்லை. மனித முனை வரிசை சோடியக் கரைசலில் ஒரு வடிவமாகவும் பொட்டாசியக் கரைசலில் வேறு வடிவங்களாகவும் மடிகிறது. சுமை ஒன்றேயான இரண்டு அயனிகள் இப்படி வெவ்வேறு மடிப்பைத் தருவதால், அயனியின் வேலை சுமையைத் தணிப்பது மட்டுமே என்று எழுதும் பாடக்குறிப்புகளை நான் ஏற்பதில்லை.

கேள்வி (ஆய்வு மாணவர், தஞ்சாவூர்): எம்13 வைரஸின் நீண்ட இழையைக் குட்டி இழைகளால் மடித்து ஓரிகாமி (காகித மடிப்புபோல் டி.என்.ஏ.வை மடித்துச் செய்யும் நுண்ணுருவம்) செய்தேன். மின்னோட்டத்தால் டி.என்.ஏ.வைப் பிரித்துக்காட்டும் ஜெல்லில் தெளிவான பட்டையாக வராமல் இழுபட்டுப் பரவுகிறது. எங்கே பிழை?

பதில்: மடியாமல் இருந்ததைவிட, மடிந்தபின் ஜெல்லில் அவிழ்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 2006இல் பால் ரோத்மண்ட் இம்முறையை வெளியிட்டபோது 12.5 மில்லிமோலார் மெக்னீசியம் அசிட்டேட்டைப் பயன்படுத்தினார். பக்கம் பக்கமாக நெருங்கிய சுருள்களின் விலக்கத்தைத் தணிப்பது இந்த மெக்னீசியமே. நீங்கள் ஓட்டும் தாங்கல் கரைசலில் மெக்னீசியம் இல்லாமல், உலோக அயனிகளைக் கவ்வும் வேதிப்பொருளான ஈ.டி.டி.ஏ. இருந்தால், அதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு மெக்னீசியத்தைக் கவ்விக்கொண்டு போய்விடும். ஜெல்லிலும் கரைசலிலும் 10 மில்லிமோலார் அளவில் மெக்னீசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் கூடிச் சூடேறும் என்பதால் பெட்டியை ஐஸில் வைத்து, குறைந்த வோல்டேஜில் ஓட்டுங்கள்.

கேள்வி (உப்பளத் தொழிலாளியின் மகள், வேதாரண்யம்): உப்பளப் பாத்தி நீரைப் போன்ற கடும் உப்பில் டி.என்.ஏ. என்னவாகும்?

பதில்: பெரும்பாலான வரிசைகள் வலக்கைச் சுருளாகவே இருக்கும். ஆனால் குவானினும் சைட்டோசினும் மாறி மாறி வரும் செயற்கை இழை, 4 மோலார் அளவுள்ள சோடியம் குளோரைடில் தன் வடிவத்தையே மாற்றிக்கொள்வதை 1972இல் ஃபிரிட்ஸ் போல், தாமஸ் ஜோவின் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டனர். அது இடக்கைச் சுருள் என்பது 1979இல் படிக ஆய்வில் தெரிந்தது.