சட்டம் கேளுங்கள்: தீர்ப்பு கையில் இருக்கிறது, கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) பெயர் இல்லை

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஒரு வீட்டு நிலத்துக்கு என் தந்தையார் முழுப் பணமும் கொடுத்திருந்தார். விற்றவர் பெயர் மாற்றித் தராததால் வழக்குத் தொடுத்தார். நிலத்தை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று பினாங்கு உயர் நீதிமன்றம் எட்டு ஆண்டுகளுக்கு முன் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்த தந்தையார் சென்ற ஆண்டு காலமானார். விற்றவர் இப்போது அதே நிலத்தை வேறொருவருக்கு விலை பேசுவதாக அறிகிறோம். தீர்ப்பு இருக்கும்போது அவரால் எப்படி விற்க முடியும்?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: விற்க முடியும் என்பதுதான் கசப்பான பதில். தீர்ப்பு விற்றவரைக் கட்டுப்படுத்தும். மீறினால் அவர் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் புதிதாக வாங்க வருபவர் உங்கள் அலமாரியைத் திறந்து பார்ப்பதில்லை. லேண்ட் சர்ச் எடுத்து, நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது, என்ன தடை இருக்கிறது என்று மட்டுமே பார்க்கிறார். நீதிமன்றம் அளிக்கும் தீர்ப்பு தானாக அந்தப் பதிவேட்டில் ஏறிவிடாது. யாராவது கொண்டுபோய்ச் சேர்ப்பிக்க வேண்டும்.

உங்கள் தந்தையாரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தேசிய நிலச் சட்டம் 1966 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வரும்வரை பினாங்கிலும் மலாக்காவிலும் இருந்தது ஆங்கிலேயர் காலப் பத்திர முறை. அதில் உரிமை என்பது கைமாறி வந்த பத்திரங்களின் தொடர்ச்சி. பழைய தாள்களைக் கட்டிக் காப்பதே சொத்தைக் காப்பதாக இருந்தது. இங்குள்ள முதியவர்களிடம் அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது. இப்போதுள்ள டோரன்ஸ் முறையிலோ பதிவேடுதான் உரிமை. அந்தச் சட்டத்தின் 340-ஆவது பிரிவின்படி, மோசடி, போலிக் கையெழுத்து போன்ற விலக்குகள் இல்லாத வரையில், பதிவு பெற்றவரின் உரிமையை அசைக்க முடியாது.

தஞ்சோங் பூங்கா நில வழக்கை இங்கே சிலர் நினைவுகூரலாம். உரிமையாளர் போல் நடித்தவரிடமிருந்து நல்லெண்ணத்துடன் வாங்கியவருக்கே நிலம் என்று 2000-ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னதையும், அந்த நிலைப்பாடு தவறு என்று அதே நீதிமன்றம் 2010-இல் வேறொரு வழக்கில் திருத்திக்கொண்டதையும் வைத்து, ‘இனிப் பயமில்லை’ என்று உங்களிடம் யாரேனும் கூறினால் நம்ப வேண்டாம். அந்தத் திருத்தம் போலிக் கையெழுத்தால் நிலம் இழந்தவருக்கு உதவுகிறது. உங்கள் நிலத்தை விற்க முயல்பவரோ போலி ஆள் அல்லர். பதிவேட்டில் உண்மையாகவே பெயர் உள்ளவர். வாங்குபவருக்குத் தீர்ப்பைப் பற்றித் தெரிந்திருந்தது என்பது மட்டும்கூட மோசடி ஆகிவிடாது. உங்கள் உரிமையைப் பறிக்கும் நேர்மையற்ற நோக்கம் அவருக்கு இருந்ததை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதலில் இன்றே லேண்ட் சர்ச் எடுத்துப் பாருங்கள். (தமிழ்நாட்டு உறவினர்கள் ‘வில்லங்கம் பார்ப்பது’ என்பார்களே, ஏறக்குறைய அதுதான்.) நிலம் இன்னும் பழைய பெயரிலேயே இருந்தால், 19பி படிவத்தின் வழியாகத் தனியார் கேவியட் (நிலத்தில் உரிமை கோருபவர், பெயர்மாற்றத்தைத் தடுக்கப் பதிவேட்டில் ஏற்றும் தடைக்குறிப்பு) போட வேண்டும். பதிவகத்தில் ஆவணம் வந்து சேர்ந்த நாளும் நேரமும் குறிக்கப்படுகின்றன. உங்கள் கேவியட்டுக்கு முன்பே பெயர்மாற்றப் படிவம் உள்ளே போயிருந்தால் கேவியட் அதைத் தடுக்காது. தந்தையார் இறந்துவிட்டதால், அவருடைய சொத்துக்கு நிர்வாக அதிகாரம் பெற்றவர் இதைச் செய்வதே உறுதியானது. முழு அதிகாரம் கிடைக்கும்வரை காத்திருக்க முடியாத அவசரம் என்றால், சொத்தைப் பாதுகாப்பதற்கு மட்டுமான இடைக்கால அதிகாரத்தையும், விற்பனைக்கு இடைக்காலத் தடையையும் உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

கேவியட் ஆறு ஆண்டுகள் நிற்கும். ஆனால் அது வாசலில் போட்ட தாழ்ப்பாள்தான், வீடு உங்கள் பெயருக்கு வந்துவிடாது. அதற்குத் தீர்ப்பின் வாசகத்தைப் பார்க்க வேண்டும். ‘விற்றவர் மாற்றிக் கொடுக்க வேண்டும்’ என்பதோடு தீர்ப்பு நின்றுவிட்டால், நிலப் பதிவாளருக்கு அதில் கட்டளை எதுவும் இல்லை. தேசிய நிலச் சட்டத்தின் 417-ஆவது பிரிவின்கீழ், தீர்ப்பை நிறைவேற்றத் தேவையானதைச் செய்யும்படி நீதிமன்றம் பதிவாளருக்கு நேரடியாக ஆணையிடலாம். ஆணை வந்தால் அவர் உடனே செயல்பட்டாக வேண்டும். விற்றவர் பெயர்மாற்றத்துக்கான 14ஏ படிவத்தில் கையெழுத்திட மறுத்தால், அவருக்குப் பதிலாக நீதிமன்ற அதிகாரி கையெழுத்திடவும் ஆணை பெறலாம். இந்த ஆணைகளின் முத்திரையிட்ட நகலைப் பதிவகத்தில் சேர்ப்பித்து, பதிவேட்டில் ஏறியதை இன்னொரு முறை சர்ச் எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். நானாக இருந்தால் அந்த இரண்டாவது சர்ச்சுக்கான கட்டணத்தை ஒருபோதும் மிச்சப்படுத்த மாட்டேன்.

எட்டு ஆண்டுகள் கடந்ததும் ஒரு சிக்கல். ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தீர்ப்பை நிறைவேற்றுக் கட்டளையின் மூலம் செயல்படுத்தவும், வழக்காடியவர் இறந்த பின் அவ்வாறு செய்யவும், நீதிமன்றத்தின் அனுமதி தேவை. தீர்ப்பை அடிப்படையாகக் கொண்டு புதிதாக வழக்குத் தொடுக்கக் காலவரையறைச் சட்டம் தருவது 12 ஆண்டுகள். நான்கு ஆண்டுகள் மிச்சமிருக்கின்றன என்று எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள். வாங்குபவர் நான்கு வாரங்கள்கூடக் காத்திருக்க மாட்டார்.

கேள்வி: எனக்குக் கடன்பட்டவர் பணம் தர வேண்டும் என்று தீர்ப்பு வாங்கிவிட்டேன். ஆயர் ஈத்தாமில் உள்ள அவருடைய வீட்டின் பதிவேட்டில் இதை எழுதி வைக்க முடியுமா?
— வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: பணத் தீர்ப்பு உங்களுக்கு அந்த வீட்டில் உரிமை எதையும் தருவதில்லை என்பதால் கேவியட் போடக் கூடாது, போட்டால் இழப்பீடு கட்ட நேரிடலாம். கடன்பட்டவர் வீட்டை விற்கவோ மாற்றவோ முடியாதபடி நீதிமன்றத்திடம் தடையாணை பெற்று, அதைப் பதிவகத்தில் சேர்ப்பிக்க வேண்டும். அது ஆறு மாதங்களே செல்லும். கணக்கு தொடங்குவது ஆணை பிறந்த நாளிலிருந்து, நீங்கள் பதிவு செய்த நாளிலிருந்து அன்று. அதற்குள் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர இயலாதெனில், காலாவதி ஆகும் முன்பே நீட்டிப்பு ஆணை வாங்கி அதையும் பதிவேட்டில் ஏற்றுங்கள்.