மாதம் 3,833 ரூபாய்தானே, மனைவிக்கு லேப்டாப் வாங்கிவிடலாமா?

கேள்வி: சார், வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 48,000. இன்னும் இரண்டு மாதத்தில் எங்கள் பத்தாவது திருமண நாள். மனைவிக்குத் தெரியாமல் ஒரு லேப்டாப் வாங்கித் தர ஆசை. தினமும் மாலையில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறார், மகளிர் குழுவின் வரவு செலவை எக்செல்லில் எழுதுகிறார், பேங்க் வேலை பார்க்கிறார், மிச்ச நேரத்தில் சீரியல். எல்லாமே 2014இல் அவர் தம்பிக்குக் கல்லூரியில் கிடைத்த அரசு லேப்டாப்பில்தான். கடையில் 92,000 ரூபாய் கேமிங் லேப்டாப் ஒன்றைக் காட்டி, 24 மாதம் நோ காஸ்ட் இஎம்ஐ, மாதம் 3,833தான் என்கிறார்கள். சேமிப்புக் கணக்கில் 70,000, எஃப்டியில் ஒரு லட்சம் இருக்கிறது. மாதம் 8,000 மிச்சம் பிடிக்கிறேன். கிரெடிட் கார்டில் 18,000 பாக்கி. நான்கு மாதமாக மினிமம் ட்யூ கட்டி வருகிறேன். வாங்கலாமா? இந்தப் பரிசுக்கு வரி ஏதும் வருமா?

பதில்: லேப்டாப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் கண் போனது கடைசியில் போகிறபோக்கில் சொன்ன அந்த 18,000 மேல். கார்டு நிறுவனங்கள் பெரும்பாலும் மாதத்துக்கு மூன்றரை சதவீதத்தை ஒட்டி வட்டி போடுகின்றன. 18,000க்கு 630 ரூபாய். அதன்மேல் 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் 743. நீங்கள் கட்டும் மினிமம் ட்யூவில் பெரும்பகுதி இதற்கே போய்விடும், அசல் அசையவே அசையாது. இன்னொன்றும் உண்டு. பாக்கி நிற்கும் கார்டில் புதிதாக எதை வாங்கினாலும், வழக்கமான வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே மீட்டர் ஓடும். அதனால் இந்த வாரமே சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்து அந்தப் பாக்கியை முழுதாக அடைத்துவிடுங்கள். எஃப்டியைத் தொடவேண்டாம்; ஒரு ஆர்டர் கேன்சல் ஆகிச் சம்பளம் தள்ளிப்போனால் வீட்டை ஓட்டப்போவது அதுதான்.

இப்போது அந்த நோ காஸ்ட் இஎம்ஐ. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பிறகு இது எப்படி நடக்கிறது? வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டி அளவுக்குக் கடையோ கம்பெனியோ விலையில் தள்ளுபடி கொடுத்துச் சரிக்கட்டுகிறது. ஆண்டுக்கு 15% என்று வைத்துக் கணக்குப் போட்டால், உங்கள் 92,000இல் சுமார் 79,000தான் கடன், சுமார் 13,000 வட்டி. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உங்கள் தலையில். 2,300 ரூபாய் ஆயிற்றா, போதாதற்கு பிராசசிங் கட்டணம். இதைவிட முக்கியமானது, அந்த 13,000ஐ விட்டுத்தர எதிர்த்தரப்பு தயாராக இருக்கிறது என்பது. 'மொத்தமாகக் கையில் கொடுத்தால் என்ன விலை?' என்று கேட்டுப் பாருங்கள். முழுதும் குறைக்க மாட்டார்கள். ஆனால் இப்படிக் கேட்டு மவுஸ், பை, கூடுதல் வாரண்டி என்று வாங்கிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். விலையும் கொஞ்சம் இறங்கும்.

உண்மையில் அந்த லேப்டாப்பே உங்களுக்குத் தேவையில்லை. அதன் விலையில் பெரும்பங்கு கேம் ஆடுவதற்கான கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறது. கணக்கு டீச்சருக்கு அதில் என்ன வேலை? எடை இரண்டு கிலோவைத் தாண்டும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும், வகுப்பு நடக்கும்போது ஃபேன் சத்தம் மைக்கில் கேட்கும். 45,000 முதல் 50,000க்குள் தேடுங்கள். ஃபைல்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபி இருக்கட்டும். பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓட உதவும் தற்காலிக நினைவகமான ரேம் 16 ஜிபி நல்லது. 8 ஜிபிதான் கட்டுப்படியாகிறது என்றால், பின்னால் கூட்ட இடம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு ஒன்றும் செய்யமுடியாது.

லேப்டாப்பின் மூளையான ப்ராசசர், ஏஎம்டி கம்பெனியின் ரைசன் சிப் என்றால் எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 7520யு, 7530யு இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் தலைமுறை. 2 என்றால் அது 2019இல் வந்த வடிவமைப்பு. 3 என்றால் அதற்கு அடுத்தது. 'ரைசன் 5, 7000 சீரிஸ்' என்ற ஸ்டிக்கரை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

மிச்சமாகும் பணத்தில் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு ஒரு பென் டேப்லெட் வாங்குங்கள். பேனாவால் பலகையில் எழுதுவது போல எழுதினால் மாணவர்களின் திரையில் தெரியும். மவுஸை வைத்துக்கொண்டு பின்னமும் வர்க்கமூலமும் வரைகிறவரின் கஷ்டம், கூட இருந்து பார்த்தால்தான் புரியும். ஒரு வெப்கேமராவையும் விசாரியுங்கள். இந்த விலையில் வரும் லேப்டாப் கேமராக்கள் பல சுமார்தான்.

கணக்கு இப்படி வரும்: 70,000இல் கார்டு பாக்கி போக 52,000. இரண்டு மாதச் சேமிப்பு 16,000 சேர்ந்தால் 68,000. லேப்டாப்பும் பென் டேப்லெட்டும் 51,000 என்றால் கையில் 17,000 நிற்கும். மறுநாளிலிருந்து ஒரு தவணையும் இல்லை.

'தெரியாமல்' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். புடவை எடுக்கவே கூடக் கூட்டிக்கொண்டு போகிறோம். ஐந்து வருடம் தினமும் கை வைக்கப்போகிற பொருளின் கீபோர்டை அவர் தட்டிப் பார்க்கவேண்டாமா? குழுக் கணக்கு எழுதுகிறவருக்கு வலப்பக்கம் தனி எண் பலகை இருந்தால் பாதி வேலை மிச்சம், 15.6 அங்குலத் திரை உள்ளவற்றில் அது பெரும்பாலும் இருக்கும். நானும் ஒருமுறை என் மனைவிக்கு இப்படித் தெரியாமல் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தேன். இன்றுவரை அது சமையலறை அலமாரியில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

பழைய அரசு லேப்டாப்பைத் தூக்கிப் போடவேண்டாம், ஆனால் அதில் பேங்க் வேலை செய்வதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. 2014 மாடலில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தட்டச்சு பழக அது போதும்.

வரி கேட்டிருந்தீர்கள். கணவன் மனைவிக்குத் தரும் பரிசுக்கு வருமான வரி கிடையாது. பில் இல்லாமல் எடுத்தால் 18% ஜிஎஸ்டி மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டிக்குப் போய் நிற்க முடியாது. பில்லை உங்கள் மனைவியின் பெயரிலேயே போடச் சொல்லுங்கள்.