ஆப்டோகப்ளர் இருந்தும் கணினி ஏன் நின்றுபோகிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காளான் குடிலில் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நீர் தெளிக்கும் மோட்டாரையும் ராஸ்பெர்ரி பை கணினி வழியாக இயக்குகிறேன். இதற்காக நான்கு ரிலே (சுருளில் மின்சாரம் பாயும்போது இயங்கும் மின்காந்தச் சுவிட்ச்) கொண்ட போர்டு ஒன்றை வாங்கி இணைத்தேன். அதில் ஆப்டோகப்ளர் இருப்பதால் கணினிக்கு எந்தப் பாதிப்பும் வராது என்று கடையில் சொன்னார்கள். ஆனால் நான்கைந்து முறைக்கு ஒரு முறை, ஃபேன் நிற்கும் அதே நொடியில் கணினியும் நின்றுபோகிறது. ஆப்டோகப்ளர் பழுதாக இருக்குமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்தப் பாகம் நன்றாகவே இருக்கும். அதை இணைத்த விதம்தான் அதற்கு வேலையில்லாமல் செய்திருக்கிறது. ஆப்டோகப்ளருக்குள் ஓர் எல்இடியும், ஒளி பட்டால் கடத்தும் டிரான்சிஸ்டர் ஒன்றும் எதிரெதிரே இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே ஒளி மட்டுமே போகிறது, கம்பி கிடையாது. இத்தகைய போர்டுகளில் பெரும்பாலும் காணப்படும் பிசி817 வகை, அந்த இடைவெளியில் 5000 வோல்ட் வரை ஒரு நிமிடம் தாங்கும் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இரு பக்கங்களையும் வேறெந்தக் கம்பியும் இணைக்காத வரையில்தான் இந்தப் பாதுகாப்பு செல்லும். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தால் பூட்டைக் குறை சொல்லிப் பயனில்லை அல்லவா?

உங்கள் போர்டின் ஓரத்தில் மூன்று முனைகள் கொண்ட சிறு வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஜேடி-விசிசி, விசிசி என்று எழுதப்பட்ட இரு முனைகளை ஒரு ஜம்பர், அதாவது கழற்றக்கூடிய சிறு இணைப்பு மூடி, இணைத்திருக்கும். அது இருக்கும் வரை, ரிலே சுருளுக்கான மின்சாரம் முழுவதும் உங்கள் கணினியின் 5 வோல்ட் முனையிலிருந்தே போகிறது. ஒரு ரிலேவுக்குச் சுமார் 70 மில்லி ஆம்பியர் என்றால், நான்கும் சேர்ந்து 280 மில்லி ஆம்பியர். சுருள்கள் இயங்கும்போதும் விடுபடும்போதும் ஏற்படும் ஏற்ற இறக்கமெல்லாம் கணினியின் மின்வழங்கலிலேயே விழுகிறது.

ஜம்பரைக் கழற்றிவிட்டு, ஜேடி-விசிசி முனைக்கும் அதன் அருகிலுள்ள கிரவுண்டு முனைக்கும் தனியாக ஒரு 5 வோல்ட் அடாப்டரை இணையுங்கள். கணினியின் 5 வோல்ட் முனையிலிருந்து விசிசிக்கு ஒரு கம்பியும், ரிலேக்களை இயக்கும் உள்ளீட்டுக் கம்பிகளும் மட்டும் போதும். பலர் தவறுவது இதற்கு அடுத்த படியில்தான்: உள்ளீட்டு வரிசையில் உள்ள கிரவுண்டு முனை உண்மையில் ரிலே பக்கத்தைச் சேர்ந்தது, கணினியின் கிரவுண்டை வழக்கம்போல அதில் செருகிவிட்டால், ஜம்பரைக் கழற்றியதன் பலன் பாதி போய்விடும். நானும் ஒருமுறை அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் இதைக் கண்டுகொண்டேன்.

சரிபார்ப்பது எளிது. எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஒரு முனையைக் கணினியின் கிரவுண்டிலும் மற்றொன்றை ரிலே அடாப்டரின் எதிர்முனையிலும் தொடுங்கள். மீட்டர் ஒலித்தால் எங்கோ ஒரு கம்பி இரு பக்கத்தையும் இணைக்கிறது என்று பொருள்.

இதற்குப் பிறகும் கணினி எப்போதாவது நின்றால், ரிலே முனைகளில் எழும் தீப்பொறிதான் காரணமாக இருக்கும். அது கம்பி இல்லாமலேயே காற்று வழியாகப் பாயும் இடையூறு என்பதால் ஆப்டோகப்ளரால் அதைத் தடுக்க முடியாது. ஃபேனின் இரு முனைகளுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரையும், எக்ஸ்2 என்று குறிக்கப்பட்ட 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் தொடராக இணைத்து, 230 வோல்ட் கம்பிகளைக் கணினிக் கம்பிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.

கேள்வி: 12 வோல்ட், 2 ஆம்பியர் பம்பு ஒன்றை பிசி817 மூலம் நேரடியாக இயக்கினேன், ஒரே நொடியில் எரிந்துவிட்டது. எங்கே தவறினேன்?
– ஒரு பாலிடெக்னிக் மாணவர், காரைக்குடி

பதில்: அதன் டிரான்சிஸ்டரின் உச்ச வரம்பே 50 மில்லி ஆம்பியர்தான், உங்கள் பம்பு கேட்பது அதைப்போல 40 மடங்கு. ஆப்டோகப்ளரைத் தகவல் சொல்லும் தூதனாக மட்டும் வைத்துக்கொண்டு, சுமையை ஒரு மாஸ்ஃபெட்டிடம் (கேட் முனையில் தரும் மின்னழுத்தத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) விடுங்கள். பம்பின் நேர்முனையை 12 வோல்ட்டுடனும், எதிர்முனையை ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட்டின் டிரெயினுடனும் இணையுங்கள்; சோர்ஸ் கிரவுண்டுக்குப் போகட்டும். ஆப்டோகப்ளரின் கலெக்டரை 12 வோல்ட்டிலும் எமிட்டரை மாஸ்ஃபெட்டின் கேட்டிலும் இணைத்து, கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால், தேவைப்படும் மின்னோட்டம் 1.2 மில்லி ஆம்பியர் மட்டுமே. பம்புக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டையோடு அவசியம். அது இல்லாவிட்டால் அடுத்து எரிவது மாஸ்ஃபெட்டாக இருக்கும்.

எல்இடி பக்கத்தில், 3.3 வோல்ட் வெளியீட்டில் எல்இடி 1.2 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 2.1 வோல்ட். 330 ஓம் போட்டால் 6.4 மில்லி ஆம்பியர் ஓடும். ஒரு முனைக்கு 16 மில்லி ஆம்பியர் வரை பரவாயில்லை என்றாலும், ராஸ்பெர்ரி பையின் முனைகள் எல்லாம் சேர்ந்து 50ஐத் தாண்டக் கூடாது. இப்படி எட்டு முனைகளை ஒன்றாக இயக்கினால் தாண்டிவிடும். 470 ஓம் போட்டால் முனைக்கு 4.5 ஆகக் குறையும். உள்ளே செல்வதில் குறைந்தது பாதியாவது மறுபக்கம் கிடைக்கும் என்பது பிசி817இன் கணக்கு, ஆகவே 2.2 மில்லி ஆம்பியர் கையில் இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல எல்இடியின் ஒளி மங்கும் என்பதால் இந்த உபரி வீண் அல்ல.

கேள்வி: ரிலேவின் சத்தம் பிடிக்காமல் எம்ஓசி3021 ஆப்டோகப்ளரும் டிரையாக்கும் (மாறுதிசை மின்சாரத்தைத் திறந்து மூடும் பாகம்) வைத்து 230 வோல்ட் விளக்கை இயக்குகிறேன். அணைத்த பிறகும் எல்இடி பல்பு மெல்ல மின்னுகிறது.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: டிரையாக்குக்குக் குறுக்கே உள்ள ஸ்னப்பர் (இடையூறை அடக்கும் ரெசிஸ்டர்-கெபாசிட்டர் இணை) கெபாசிட்டர் வழியாகக் கசிவு போகிறது. 0.1 மைக்ரோஃபாரட் என்றால் 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 7 மில்லி ஆம்பியர். எல்இடி பல்புக்கு இதுவே தாராளம். 0.01 ஆகக் குறைத்தால் கசிவு பத்தில் ஒரு பங்காகும். அதற்கும் மின்னினால் விளக்குக்கு மட்டும் ரிலேவுக்கே திரும்பிவிடுவது நல்லது.

இன்னொன்று: 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட், எம்ஓசி3021 தாங்குவது 400 மட்டுமே. அதன் எல்இடிக்கும் 15 மில்லி ஆம்பியர் வரை தேவைப்படலாம். போட்டு அணைப்பதற்கு மட்டும் என்றால், 600 வோல்ட் தாங்கி 5 மில்லி ஆம்பியரில் வேலை செய்யும் எம்ஓசி3063ஐ நான் தேர்ந்தெடுப்பேன். அது மின்னழுத்தம் பூஜ்யத்தை நெருங்கும்போது மட்டுமே இயங்கத் தொடங்குவதால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கப் பயன்படாது.

டாட் போர்டில் (செப்பு வட்டங்களும் துளைகளும் கொண்ட பலகை) கட்டியிருந்தால், இரு பக்கங்களுக்கும் இடையிலான இடைவெளி குறையாமலிருக்க, ஆப்டோகப்ளரின் இரு கால் வரிசைகளுக்கு நடுவே கீழ்ப்பக்கம் தெரியும் செப்பு வட்டங்களைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, பற்றவைப்பில் படிந்த ஃபிளக்ஸையும் துடைத்துவிடுங்கள்.